ஆள்பவரை இறக்கும் வழி: ஆட்சி முறைகளும் குடிமக்களுக்கு அவை தரும் இடமும்

1999 ஏப்ரல் 17 அன்று இந்திய மக்களவையில் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் நடந்த அந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு குறைந்ததற்காக அரசு கவிழ்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டு மக்கள் மறுபடியும் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். 2022இல் இலங்கையில் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மருந்தும் கிடைக்காமல் மக்கள் நாள் முழுதும் வரிசையில் நின்றபோது, நாட்டை ஆண்ட ஜனாதிபதியை இப்படி ஒரு வாக்கெடுப்பால் இறக்க அந்நாட்டு அரசியலமைப்பில் இடம் இருக்கவில்லை. இரு நாடுகளிலும் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, பல கட்சிகள் உண்டு, அடிப்படை உரிமைகளைக் காக்க நீதிமன்றங்களும் உண்டு. இருந்தும், தேர்தல் முடிந்து அடுத்த தேர்தல் வரும்வரை குடிமக்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு அவை தரும் விடைகள் வேறுவேறு.

ஆட்சி முறைகளை ஒப்பிடும்போது யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறோம். பாடப்புத்தகங்களும் அப்படித்தான் பிரிக்கின்றன: நாடாளுமன்ற முறை, அதிபர் முறை, இரண்டும் கலந்த முறை, நேரடி மக்களாட்சி. அந்தப் பிரிவு தவறல்ல. ஆனால் ஒரு குடிமகனின் இடத்திலிருந்து பார்த்தால் அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன. தேர்ந்தெடுத்தவரைப் பாதிவழியில் இறக்க முடியுமா, முடியுமென்றால் அது யார் கையில் இருக்கிறது? இரண்டு தேர்தல்களுக்கு இடையில் குடிமகன் தன் பெயரில் செய்யக்கூடியது என்ன? இவ்விரண்டுக்கும் முன்னால், யார் குடிமகன் என்பதை முடிவு செய்வது யார்? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஒரே பெயர் கொண்ட முறைகளுக்குள்ளேயே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது தெரியும்.

நாடாளுமன்ற முறையின் அடிப்படை எளிமையானது. மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவையின் நம்பிக்கை இருக்கும்வரை அமைச்சரவை ஆள்கிறது. இந்திய அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்புடையது என்கிறது. இந்த முறையை இந்தியா பெற்றுக்கொண்ட பிரிட்டனில் 1979 மார்ச் 28 அன்று காலகன் அரசு 311க்கு 310 என்ற கணக்கில், அங்கும் ஒரே வாக்கில், வீழ்ந்தது. அரசைக் கவிழ்க்கும் உரிமை மக்களிடம் நேரடியாக இல்லை; மக்கள் அனுப்பியவர்களிடம் இருக்கிறது. எனவே இந்த முறையில் குடிமகனின் பலம் முழுவதும் அவர் அனுப்பிய உறுப்பினர் எவ்வளவு சுதந்திரமாக வாக்களிக்க முடியும் என்பதில் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் இந்தியாவும் பிரிட்டனும் பிரிகின்றன. 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான தெரேசா மேயின் உடன்பாட்டைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 432க்கு 202 என்ற கணக்கில் நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சியினர். அவர்களில் எவரும் அதற்காகத் தம் தொகுதியை இழக்கவில்லை. இந்தியாவில் 1985இல் 52ஆவது திருத்தம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். விலைபேசப்பட்ட கட்சித் தாவல்களால் மாநில அரசுகள் அடிக்கடி கவிழ்ந்த காலத்தில் அந்தச் சட்டத்துக்குத் தேவை இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது விலைபோன உறுப்பினரையும் மனச்சான்றுப்படி வாக்களிக்கும் உறுப்பினரையும் ஒரே தட்டில் வைக்கிறது. தகுதி நீக்கத்தை முடிவு செய்பவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சியிலிருந்து வந்த அவைத்தலைவரே. 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் முதலமைச்சரை மாற்றக் கோரி ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 சட்டமன்ற உறுப்பினர்கள் இதே அட்டவணையின்கீழ் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2019இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை 18 தொகுதிகளின் மக்களுக்குச் சட்டமன்றத்தில் பேச ஆள் இல்லாமல் போயிற்று என்பதைத்தான் நான் இங்கே முக்கியமாகக் கருதுகிறேன். தண்டனை உறுப்பினர்களுக்கு, இழப்போ வாக்காளர்களுக்கு.

பிரிட்டிஷ் முறையிலும் வாக்காளர் ஓரமாக நிற்கும் தருணங்கள் உண்டு. 2022இல் போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சூனக் என மூன்று பிரதமர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தபோது பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. ஆளுங்கட்சியே தனக்குள் தலைவரை மாற்றிக்கொண்டது. அதே நேரம், 2015இன் சட்டப்படி, சிறைத் தண்டனை பெறுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் எழுந்தால், தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் கையொப்பமிட்டு உறுப்பினரை நீக்கி இடைத்தேர்தலைக் கொண்டுவரலாம். 2019இல் பீட்டர்பரோ தொகுதியில் அப்படி முதன்முறையாக ஒருவர் பதவி இழந்தார். இந்திய நாடாளுமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை இந்திய வாக்காளருக்கு இல்லை.

அதிபர் முறையின் முன்மாதிரியான அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலம் காங்கிரஸின் நம்பிக்கையைப் பொறுத்தது அல்ல. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகவோ ஆட்சி தோற்றுவிட்டது என்பதற்காகவோ அவரை இறக்க வழியில்லை. குற்றம் இழைத்தார் என்று பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளிண்டன் 1998இலும், டொனால்ட் டிரம்ப் 2019இலும் 2021இலும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். ஒருவரும் செனட்டில் தண்டிக்கப்படவில்லை. நிக்சன் 1974 ஆகஸ்டில் அவையின் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். இவ்வளவு இறுக்கமான முறையில் குடிமகனுக்குக் கிடைக்கும் ஈடு என்னவென்றால், பிரதிநிதிகள் அவை முழுவதும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர் முன் வந்து நிற்க வேண்டும் என்பதுதான். அதிபர் தன் பதவிக்காலத்தின் நடுவில் இருக்கும்போதே மக்கள் அவருடைய கட்சியைச் சபையில் சிறுபான்மையாக்கி, சட்டத்துக்கும் நிதிக்கும் முட்டுக்கட்டை போட முடியும். ஆனால் அதிபர் தேர்தலிலேயே மக்களின் மொத்த வாக்குக்கும் முடிவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பெறுபவரே வெல்கிறார். 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் குறைவான வாக்குகள் பெற்றவரே அதிபரானார்.

இந்த இரண்டு முறைகளையும் ஒரே நாடு அடுத்தடுத்து வாழ்ந்து பார்த்திருக்கிறது. அதனால்தான் இலங்கையின் கதை ஒப்பீட்டுக்கு எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அதிகம் சொல்லித் தருகிறது.

டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இலேயே இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் அதில் குடியிருப்பு தொடர்பான கட்டுப்பாடுகள் இருந்தன. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் எனப்படும் அவர்கள் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான் சென்றார். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதவர்களாக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூட அவைக்குப் போக முடியவில்லை. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடான சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது; ஆனாலும் அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் அந்தச் சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் முறைப்படி இயங்கியது, தேர்தல்கள் நடந்தன, அரசுகள் மாறின. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கானோருக்கு அவை எல்லாம் வேறு யாருடையவோ நடவடிக்கைகள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேட்காமலே பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. எந்த ஆட்சி முறை சிறந்தது என்ற விவாதத்துக்கு முன்பு இந்த வரலாற்றை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பான்மை, வாக்காளர் பட்டியலையே திருத்த முடியுமென்றால், நம்பிக்கை வாக்கெடுப்பும் எதிர்க்கட்சியும் பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு எதையும் தரமாட்டா.

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 விழுக்காடு வாக்குகளைப் பெற்று 168 இடங்களில் 140ஐ வென்றது. அந்தப் பெரும்பான்மையின் பலத்தில் ஜே.ஆர்.ஜெயவர்தன 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். ஜனாதிபதியே அமைச்சரவையின் தலைவர்; நாடாளுமன்றத்தின் நம்பிக்கை அவருக்குத் தேவையில்லை; பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடர முடியாது. பிரான்சின் ஐந்தாம் குடியரசை ஒத்த ஏற்பாடு என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் பிரான்சில் 1986இல் மக்கள் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை தந்ததும் அதிபர் மித்தரான் தன் எதிராளியான சிராக்கைப் பிரதமராக்கி உள்நாட்டு ஆட்சியை அவரிடம் விட நேர்ந்தது. இலங்கையில் 2001இல் அதே நிலை வந்தபோது ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். ஒத்த வடிவம் கொண்ட இரு அரசியலமைப்புகள் மக்களின் ஒரே விதமான தீர்ப்புக்கு எதிரெதிரான மதிப்பைக் கொடுத்திருக்கின்றன.

1982 இதைவிடக் கடுமையான பாடம். அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று, பொதுத்தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, 1977 நாடாளுமன்றத்தின் காலத்தை மேலும் ஆறாண்டுகள் நீட்டலாமா என்று மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு கேட்கப்பட்டது. நீட்டிப்புக்கு விளக்குச் சின்னம், எதிர்ப்புக்குக் குடம். அவசரகால நிலையின்கீழ் நடந்த அந்த வாக்கெடுப்பில் சுமார் 54.7 விழுக்காட்டினர் விளக்குக்கு வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்கு வாக்களித்தது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில்தான் 1983 ஜூலை வன்முறையும், போரின் தொடக்கமும், தெற்கின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சியும் நிகழ்ந்தன. நாடு எரிந்துகொண்டிருந்த காலம் முழுவதும், மக்களின் மாறிய மனநிலை எதுவும் சபைக்குள் நுழைய முடியாதபடி கதவு அடைக்கப்பட்டிருந்தது.

பொது வாக்கெடுப்பு என்றாலே மக்களின் நேரடி அதிகாரம் என்று எண்ணுகிறோம். யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது. சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையொப்பமிட்டால், அது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தே ஆக வேண்டும். இந்த உரிமை 1874 முதல் இருக்கிறது. 18 மாதங்களுக்குள் 1,00,000 கையொப்பங்கள் சேர்த்தால் அரசியலமைப்புத் திருத்தத்தையே மக்கள் முன்மொழியலாம். அது நிறைவேற நாடு முழுவதும் வாக்களித்தவர்களின் பெரும்பான்மையும் மாநிலங்களான கான்டன்களின் பெரும்பான்மையும் வேண்டும். அங்கே ஏழு பேர் கொண்ட கூட்டாட்சிக் குழுதான் அரசு. தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவர் என்று சுற்றி வருகிறது. நான்காண்டுக் காலத்தின் நடுவில் அந்த எழுவரையும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்க முடியாது. இந்த வகையில் சுவிஸ் அரசு அமெரிக்க அதிபரைப் போலவே அசையாதது. ஆனால் ஆள்பவரை மாற்ற முடியாத குடிமகனால் அவர்கள் செய்வதை மாற்ற முடிகிறது. ஆகவே ஆள்பவர் யார் என்பதன் முக்கியத்துவமே குறைந்துவிடுகிறது. 1982இல் இலங்கையில் ஆட்சியாளர் தன் வசதிக்காகக் கேள்வி கேட்டார். சுவிட்சர்லாந்தில் கேள்வியைக் குடிமக்கள் எழுதுகிறார்கள்.

அதற்காகச் சுவிஸ் முறையைக் குறையற்றதென்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதா என்பதை ஆண்கள் மட்டுமே வாக்களித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1959இல் மறுத்தார்கள், 1971இல்தான் ஒப்பினார்கள். இலங்கைப் பெண்கள் வாக்களிக்கத் தொடங்கி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற கான்டனில் உள்ளூர் விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2009இல் மசூதிகளுக்குப் புதிதாக மினாரெட் என்னும் கோபுரம் கட்டுவதை 57.5 விழுக்காட்டினர் தடை செய்தார்கள். குடிமக்களுக்கு எவ்வளவு நேரடி அதிகாரம் இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிறுபான்மையினரின் பாதுகாப்பு பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தைச் சார்ந்துவிடுகிறது. மலையக மக்களின் கதையைத் தெரிந்த எவருக்கும் இது புதிதாக இருக்காது.

ஜெர்மனி இரு ஆபத்துகளையும் ஒருசேர எண்ணிப் பார்த்த நாடு. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட வைமார் குடியரசில் ஒன்றுசேர்ந்து அரசைக் கவிழ்த்த கட்சிகள் ஒன்றுசேர்ந்து அரசு அமைக்க மறுத்த அனுபவத்தால், 1949இன் அடிப்படைச் சட்டம் அடுத்த தலைமை அமைச்சரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை நீக்கலாம் என்று விதித்தது. 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மித்தை நீக்கி ஹெல்முட் கோலைக் கொண்டுவந்தது அந்த வழிதான். அதோடு, அரசின் செயலால் தன் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதும் எவரும் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தாமே முறையிடலாம்.

மீண்டும் 2022க்கு வருவோம். கோட்டாபய ராஜபக்ச 2019இல் 69 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், அதாவது 52.25 விழுக்காடு பெற்று வந்தவர். 2020இல் நிறைவேறிய 20ஆவது திருத்தம், 2015இன் 19ஆவது திருத்தம் குறைத்திருந்த அதிகாரங்களை அவருக்குத் திருப்பித் தந்தது. பொருளாதாரம் சரிந்து, மார்ச் இறுதியில் அவருடைய இல்லம் இருந்த மிரிஹானவிலும் ஏப்ரல் 9 முதல் கொழும்பின் காலிமுகத்திடலிலும் மக்கள் திரண்ட பிறகும், அவரை நீக்க இருந்த ஒரே சட்டவழி 38ஆம் பிரிவுதான்: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு உச்ச நீதிமன்ற விசாரணை, பிறகு மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு. மே 17 அன்று அவர்மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதத்துக்கு எடுக்கும் முயற்சிகூட 119க்கு 68 என்ற கணக்கில் தோற்றது. நாடாளுமன்றத்தில் அடைபட்ட வழியை மக்கள் வேறிடத்தில் திறந்தார்கள். ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13 அன்று அவர் நாட்டைவிட்டு வெளியேறி அடுத்த நாள் விலகினார்.

ஆனால் அவர் இடத்தை நிரப்பும் பொறுப்பு மக்களிடம் வரவில்லை. அரசியலமைப்பின்படி எஞ்சிய காலத்துக்கான ஜனாதிபதியை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. ஜூலை 20 அன்று 134 வாக்குகளில் ரணில் விக்கிரமசிங்க வந்தார். 2020 தேர்தலில் அவர் கட்சி மாவட்டவாரியாக ஓர் இடத்தையும் வெல்லவில்லை. கட்சிகள் நாடு முழுவதும் பெறும் வாக்குக்கு ஏற்ப நிரப்பப்படும் தேசியப் பட்டியலில் கிடைத்த ஓரிடத்தில்தான் அவர் அவைக்கு வந்திருந்தார். அவர் பதவியேற்ற மறுநாள் விடியலுக்கு முன் படையினர் காலிமுகத்திடல் போராட்டக்களத்தை அகற்றினார்கள். தெருவில் திரளும் மக்களால் ஒருவரை விரட்ட முடியும், அடுத்தவரை நியமிக்க முடியாது. அந்த இடைவெளியை ஜனாதிபதித் தேர்தலும் பொதுத்தேர்தலும் நிரப்ப 2024 செப்டம்பரும் நவம்பரும் வரவேண்டியிருந்தது.

அந்த இரண்டாண்டுகளில் குடிமக்கள் எதுவும் செய்யாமல் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். வாக்குக்கு வெளியே குடிமகனுக்கு இருக்கும் கருவிகள் கவர்ச்சியற்றவை: மனு, வழக்கு, தகவல் கோரிக்கை, உள்ளூர்க் கூட்டம். தமிழ்நாடு 1997இலேயே தகவல் அறியும் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. 19ஆவது திருத்தம் தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியதைத் தொடர்ந்து இலங்கை 2016இல் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்புத் தகுதி தந்தது. வாக்காளர் ஒவ்வொருவரும் தாமே உறுப்பினராக அமர்ந்து கணக்குக் கேட்கக்கூடிய ஒரே அவை அதுதான். அமெரிக்காவில் குடிமக்கள் நடுவர் குழுவில் அமர்ந்து, அரசு குற்றஞ்சாட்டிய ஒருவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கவும் முடியும். இவற்றில் எதுவும் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. ஆனால் ஆட்சி முறை எதுவாக இருந்தாலும், தேர்தல் இல்லாத நாட்களில் அரசைப் பதில் சொல்ல வைப்பவை இவையே.

இலங்கையில் இதற்கு வலுவான முன்னுதாரணம் 2018இல் உருவானது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் காலத்துக்கு முன்பே கலைத்தபோது தொடரப்பட்ட அடிப்படை உரிமை வழக்குகளில், டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில், பொருளாதார வீழ்ச்சியில் கோட்டாபய உள்ளிட்ட ராஜபக்ச சகோதரர்களுக்கும் மூத்த அதிகாரிகள் சிலருக்கும் பொறுப்பு உண்டு என்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. வழக்குச் செலவைத் தவிர இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆனால், நாடாளுமன்றம் விவாதிக்கவே மறுத்த ஒரு பொறுப்பைக் குடிமக்கள் தொடர்ந்த வழக்கு ஆவணத்தில் ஏற்றியது.

2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, நிதியில்லை என்ற காரணத்தால் அரசு நடத்தாமல் விட்டதும் இப்படியே நீதிமன்றத்துக்குப் போனது. வாக்களிக்கும் உரிமை பறிக்கப்பட்டது என்று தொடரப்பட்ட மனுக்களில், 2024 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று கூறி, தேர்தலை விரைவில் நடத்தும்படி பணித்தது. 2025 மே 6 அன்று யாழ்ப்பாணம் முதல் நுவரெலியா வரை, நாடெங்கும் மக்கள் தம் உள்ளூர் மன்றங்களுக்கு வாக்களித்தார்கள்.